துவக்கின் பூட்டும் அதன் நிலைத்த பெறுமதியும்

கருவியொன்றின் விலை அது விற்கப்படும் நாளில் தீர்மானிக்கப்படுவது. அதன் பெறுமதியோ அது பயன்படும் காலமெல்லாம் சோதிக்கப்படுவது. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒத்து நிற்பனவல்ல. இவ்வுண்மையை விளக்குதற்கு வேட்டைத் துவக்கின் வரலாறு சிறந்ததொரு சான்றாகும். வேட்டைக்காரன் ஒருவனின் உடலளவுக்கும் தேவைக்கும் ஏற்பத் தனித்துச் செய்விக்கப்படும் றைபிள் பெருஞ் செலவிற் பிறப்பது. இரண்டு மூன்று தலைமுறை நின்று பயன்தர வேண்டும் என்ற எண்ணத்துடன் செய்யப்படுவது. அத்தகைய துவக்குக்கு எப்பூட்டினைத் தெரிந்தெடுப்பது என்னும் வினாவுக்குத் துவக்குத் தொழிலாளரும் வேட்டைக்காரரும், சிற்சில வேளைகளில் அரசுகளுங்கூட, விடை காண முயன்றுள்ளனர். அவர்கள் கண்ட விடைகளையும் அவற்றின் விளைவுகளையும் ஒருங்குவைத்து நோக்குதல் பயனுடையதாகும்.

றைபிள் என்பது மூன்று பெரும் உறுப்புகளால் ஆனது. குண்டு செல்லும் குழல் ஒன்று. தோளிலும் கையிலும் தாங்கும் மரக்கட்டை மற்றொன்று. இவ்விரண்டையும் இணைத்து நின்று, தோட்டாவை உட்செலுத்தி, அடைத்து, வெடிக்கச் செய்து, வெறுங் கோதை வெளியேற்றும் பூட்டுப்பொறி மூன்றாவது. ஆங்கிலேயர் இதனை ‘அக்‌ஷன்’ என்பர். இப்பொறியின் உயிர்நிலை, கதவின் தாழைப்போல முன்னும் பின்னும் நகர்ந்து திரும்பிப் பூட்டும் உருக்குத் தாழ் ஆகும். தாழ் ஓடும் உருக்குக் கூடு குழலின் பின்முனையோடு திருகிப் பிணைக்கப்பட்டிருக்கும். வெடியின் முழு அமுக்கமும் சுடுபவனின் முகத்தை நோக்கிப் பின்னோக்கித் தள்ளும்பொழுது, அதனைத் தாங்கி நிற்பன தாழின் சிறு புடைப்புகளும் அவை பொருந்தியிருக்கும் கூட்டின் பள்ளங்களுமே. சில ஆயிரம் வெடிகளின் பின் குழல் தேயும்; மரக்கட்டை ஈரத்தால் வளையும், அடிபட்டுப் பிளக்கும். இவை இரண்டையும் மாற்றிவிடலாம். பூட்டு மாறின் துவக்கே மாறியதாகும். ஆதலின் துவக்கொன்றைப் புதிதாகச் செய்விப்போன் முதலில் தெரிய வேண்டியது பூட்டினையேயாம்.

பூட்டு எக்காலத்தும் இத்தகைய முதன்மை பெற்றிருந்ததன்று. 1840களின் பிற்பகுதியில் இலங்கை வந்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இந்நாட்டுக் காடுகளில் வேட்டையாடிய காலத்தில், வெடிமருந்தும் குண்டும் குழலின் வாய்வழியே இடித்து நிரப்பப்பட்டன. அக்காலத் துவக்கின் சிறப்பு பெரிதும் குழலின் வலிமையிலும், அதனைச் செய்தவனின் கைத்திறனிலும் தங்கியிருந்தது. பின்புறத்தால் நிரப்பும் முறை வந்தபின்னரே பூட்டின் காலம் பிறந்தது. 1886இல் பிரான்சு தேசம் புகையற்ற வெடிமருந்தைப் பயன்படுத்தும் லெபெல் றைபிளைத் தன் படைக்கு ஏற்றுக்கொண்டதும், பழைய கரிமருந்தின் அமுக்கத்திலும் மிகுந்த அமுக்கத்தைத் தாங்கவல்ல பூட்டினை ஒவ்வொரு நாடும் தேடலாயிற்று. அத்தேட்டத்தில் உலகின் பெரும்பகுதி சென்றடைந்த இடம் ஜேர்மனியின் தென்மேற்கிலே நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபெர்ன்டோர்ப் என்னும் சிற்றூராகும்.

அவ்வூரில் வூர்த்தம்பேர்க் அரசின் துவக்குச்சாலையில் வேலைபார்த்த தொழிலாளி ஒருவரின் பதின்மூன்று பிள்ளைகளுள் இளையவராக 1838இல் பிறந்தவர் பவுல் மௌசர். தமையன் வில்கெல்முடன் சேர்ந்து அவர் ஆக்கிய ஒற்றைவெடித் துவக்கினை 1871இல் ஜேர்மன் பேரரசு ஏற்றுக்கொண்டது. வில்கெல்ம் 1882இல் இறந்தபின் பவுல் தனித்து நின்று தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1889இல் பெல்ஜியத்துக்கும், 1893இல் ஸ்பெயினுக்கும், அதனையடுத்துச் சுவீடனுக்கும் அவர் அமைத்த பூட்டுகள் ஒன்றினொன்று திருத்தம் பெற்றவை. ஒவ்வொரு நாட்டுப் படையும் களத்திலே கண்ட குறை அடுத்த அமைப்பில் நீக்கப்பட்டது. இவ்வாறு நீண்டகாலத் திருத்தங்களின் திரண்ட பயனாக 1898ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜேர்மன் படை ஏற்றுக்கொண்ட பூட்டே பிற்காலத்தில் ‘மௌசர் 98’ எனப் புகழ்பெற்றது. 1901இல் தானியங்கித் துவக்கொன்றைச் சோதிக்கையில் நேர்ந்த விபத்தில் பவுல் மௌசர் தம் கண்ணொன்றை இழந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பூட்டுத் தவறினால் விளைவது யாதென்பதை அவர் தம் உடலிலேயே அறிந்தார்.

அப்பூட்டின் சிறப்பியல்புகள் வருமாறு. தாழின் தலையிலுள்ள இரு பெரும் புடைப்புகள் வெடியின் அமுக்கத்தைத் தாங்குவன. அவை முறியினும் தாழ் பின்னோக்கிப் பாயாதவண்ணம் தாழின் பின்பகுதியில் மூன்றாவது புடைப்பொன்று காவலாக நிற்கும். தோட்டாவின் பித்தளைக் கோது பிளந்து தீவாயு பின்னோக்கி வருமாயின், தாழிலுள்ள துளைகள் அதனைப் பக்கமாக வெளியேற்றும்; தாழின் கடைப்பகுதியிலுள்ள அகன்ற விளிம்பு சுடுபவனின் கண்ணைக் காக்கும். நீண்ட கவ்வியொன்று தோட்டா பெட்டியிலிருந்து மேலெழும்பொழுதே அதன் அடிவிளிம்பைப் பற்றிக்கொண்டு, வெறுங் கோது வெளியேறும்வரை விடாது நிற்கும். இக்கவ்வியின் பயன் யாதெனில், அச்சத்தாலோ அவசரத்தாலோ ஒருவன் தாழை அரைகுறையாக இழுத்து மீண்டும் தள்ளினும், இரண்டு தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நுழைந்து பூட்டை இறுக்கிவிடா என்பதாம். பாய்ந்து வரும் எருமையின்முன் நிற்பவனுக்கு இச்சிறு கவ்வி உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள எல்லையாகும்.

இதற்கு மாறான தெரிவொன்றின் கதையையும் அறிதல் நன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படை 1892இல் நோர்வே நாட்டவர் ஆக்கிய கிறாக்-யோகென்சன் பூட்டினைத் தெரிந்தெடுத்தது. அதன் தாழ் நெய்யிட்டாற்போல வழுக்கி ஓடும்; கையாண்டோர் அதன் மென்மையைப் பெரிதும் பாராட்டினர். ஆயினும் அதன் தலையில் இருந்தது ஒரேயொரு புடைப்பு. தோட்டாக்களையும் பக்கத்துப் பெட்டியில் தனித்தனியே இடவேண்டியிருந்தது. 1898ஆம் ஆண்டு ஜூலை மாதம் கியூபாவில் சந்தியாகோ நகரின் முன்னே, ஐந்து தோட்டாக்களை ஒரே தள்ளுதலில் நிரப்பும் மௌசர் றைபிள்களைத் தாங்கிய சிறு தொகையினரான ஸ்பானியர் அமெரிக்கருக்குப் பெருஞ் சேதம் விளைவித்தனர். அதன்பின் கிறாக்கினை மேலும் வலிய தோட்டாவுக்கு ஏற்பத் திருத்த முயன்றபொழுது, ஒற்றைப் புடைப்பு அவ்வமுக்கத்தைத் தாங்கவல்லதன்று என்பது புலனாயிற்று. பதினொரு ஆண்டுகளில், அஃதாவது 1903இல், அப்பூட்டு கைவிடப்பட்டது. அதன் இடத்தில் வந்த ஸ்பிறிங்பீல்ட் றைபிள் மௌசரின் அமைப்பையே பெரிதும் தழுவியிருந்தமையால், அவருடைய உரிமைகளுக்காக அமெரிக்க அரசு 200,000 டொலர் கொடுக்கலாயிற்று. தொடக்கத்தில் மென்மையையும் இனிமையையும் கண்டு கொண்ட பொருள் இறுதியில் மும்மடங்கு செலவை வைத்தது எனலாம். பழைய பூட்டின் செலவு, அதனைக் கைவிட்ட செலவு, புதிய பூட்டின் உரிமைச் செலவு என்பன அம்மூன்றாம்.

இதே காலத்தில் தென்னாபிரிக்காவிலும் மௌசரின் வலிமை வெளிப்பட்டது. திறான்ஸ்வால் குடியரசு போருக்கு முன் 30,000க்கும் மேற்பட்ட மௌசர் றைபிள்களை ஜேர்மனியிலிருந்து வரவழைத்திருந்தது. 1899இல் தொடங்கிய போரில் அவற்றைத் தாங்கிய போயர் குடியானவர்கள் பிரித்தானியப் பெரும்படையைப் பலமுறை தடுத்து நிறுத்தினர். அப்போரிற் சிறைப்பட்டோரில் ஏறக்குறைய 5,000 பேர் 1900ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையின் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டமை இந்நாட்டு வரலாறு அறிந்ததே. போயரை வென்ற பிரித்தானியர் அவர்தம் துவக்கினிடம் பாடங் கற்றனர். 1913இல் பிரித்தானியப் படைக்கெனச் சோதனையாக ஆக்கப்பட்ட றைபிள் மௌசரின் நெறியையே தழுவியது. அதன் வழியில் அமெரிக்காவிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட 1917ஆம் ஆண்டு என்பீல்டின் நீண்டு பருத்த பூட்டு, போரின் பின் பெருவிலங்கு வேட்டைக்கான றைபிள்களுக்கு அடிப்படையாயிற்று.

படைக்கலமாகப் பிறந்த இப்பொறியினை வேட்டைத் துவக்கின் அடிப்படையாக உயர்த்தியோருள் முதன்மையானோர் ஜோன் றிக்பி நிறுவனத்தார். 1775இல் டப்ளினில் தோன்றிப் பின் லண்டனில் நிலைபெற்ற அந்நிறுவனம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மௌசரின் பிரித்தானிய முகவராயிற்று. அதுவரை பெருவிலங்கு வேட்டைக்குச் சிறந்தது இரட்டைக்குழல் றைபிளே எனக் கருதப்பட்டது. இரு குழல்களும் ஒரே இலக்கிற் சேரும்படி அவற்றைப் பொருத்துதல் பல கிழமை வேலை. ஆதலின் அதன் விலை செல்வர்க்கே எட்டுவதாயிற்று. ஓபெர்ன்டோர்ப்பிலிருந்து வந்த பூட்டினைக் கொண்டு லண்டன் தொழிலாளர் செய்த ஒற்றைக்குழல் றைபிளோ குறைந்த செலவில் நிறைந்த நம்பிக்கையை அளித்தது. றிக்பியின் வேண்டுகோளின்படி நீண்ட தோட்டாக்களுக்கெனப் பெரிய மௌசர் பூட்டொன்று 1900ஆம் ஆண்டளவில் ஆக்கப்பட்டது. 1911இல் அந்நிறுவனம் வெளியிட்ட .416 றிக்பி என்னும் தோட்டா அப்பெரிய பூட்டினை நம்பிப் பிறந்ததேயாகும்.

1907இல் குமாவோன் மலைநாட்டில் சம்பாவத் என்னும் ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்ற ஜிம் கோர்பெற்றுக்கு, ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் சேர் ஜோன் ஹியூவெற் பரிசாக அளித்ததும் றிக்பி செய்த மௌசர் றைபிளே. ஸ்பானியரும் போயரும் கையாண்ட அதே 7 மில்லிமீற்றர்த் தோட்டாவை .275 எனப் பெயரிட்டு றிக்பி வழங்கிவந்தது. பரிசு றைபிளும் அத்தோட்டாவுக்கு உரியதே. அத்துவக்கு அதன் உடையவர் 1955இல் மறைந்த பின்னரும் அழியாது நின்று, இறுதியில் அதனைச் செய்த நிறுவனத்தின் கைக்கே மீண்டது. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற டபிள்யூ. டி. எம். பெல் பெரிதும் பயன்படுத்தியதும் இத்தோட்டாவையே. அக்கொலைத் தொழிலை இன்றைய உலகம் போற்றாது; போற்றுதலும் தகாது. ஆயினும் பருத்த குண்டினாலன்றிப் பிழையாத பூட்டினாலும் பதறாத கையினாலுமே அவர் தம் உயிரைக் காத்துக்கொண்டார் என்னும் செய்தி பூட்டின் பெறுமதியை ஆராய்வோர் ஒதுக்கத்தக்கதன்று.

இதுவரை கூறியவற்றால், அமைப்பு நல்லதாயின் பூட்டும் நல்லதேயாகும் என்று கொள்ளுதல் கூடாது. அமைப்பினும் நுண்ணியது உருக்கின் பதம். ஸ்பிறிங்பீல்ட் றைபிள் மௌசரின் நெறியில் அமைந்ததேயெனினும், 1917இல் அதன் பூட்டுக்கூடுகள் சில வெடித்துச் சிதறின. ஆராய்ந்தபொழுது காரணம் வெளிப்பட்டது. உலையிலிட்ட உருக்கு வேண்டிய வெப்பத்தை அடைந்ததா என்பதை அனுபவமிக்க தொழிலாளர் அதன் நிறத்தைக் கண்ணால் நோக்கியே தீர்மானித்து வந்தனர். முகில் மூடிய நாளிற் செக்கச்சிவந்து தோன்றும் உருக்கு, வெயில் எறிக்கும் நாளில் அதே வெப்பத்தில் மங்கலாகத் தோன்றும். ஆகவே வெயில் நாட்களில் அவர்கள் அளவுக்கு மிஞ்சி வெப்பமூட்டினர். உருக்கு கண்ணாடியைப்போல உடையுந் தன்மை பெற்றது. வெப்பமானிகள் வைக்கப்பட்டுப் பதமிடும் முறை திருத்தப்பட்டபின் இக்குறை நீங்கியது. ஸ்பிறிங்பீல்ட் சாலையில் 800,000 என்னும் தொடரெண்ணுக்கும், றொக் ஐலன்ட் சாலையில் 285,507 என்னும் எண்ணுக்கும் முந்திய கூடுகளைப் பயன்படுத்தலாகாது என்பது இன்றுவரை துவக்குத் தொழிலாளரிடையே வழங்கும் எச்சரிக்கையாகும். மௌசர் கூட்டின் உருக்கோ புறத்தே கடினமும் அகத்தே இளக்கமும் உடையதாகப் பதப்படுத்தப்பட்டது. மிகை அமுக்கத்தில் அது பெரும்பாலும் நெகிழ்ந்து கொடுக்குமேயன்றிச் சிதறாது. வெளித்தோற்றத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்டல் அரிது.

இரு உலகப் போர்களின் முடிவில் படைகள் கழித்துவிட்ட றைபிள்கள் மலிந்து குவிந்தன. 1935இல் ஏற்கப்பட்ட குட்டை வடிவமான 98கே மட்டுமே ஒரு கோடிக்கு மேற் செய்யப்பட்டிருந்தது. இவற்றின் பூட்டுகளைக் கழற்றி, புதிய குழலும் வாதுமைக் கட்டையும் பொருத்தி, வேட்டைத் துவக்குகளாக மாற்றும் தொழில் அமெரிக்காவிற் செழித்தது. 1923இல் நியூயோர்க்கிற் தோன்றிய கிறிபின் அன்ட் ஹவ் நிறுவனம் ஸ்பிறிங்பீல்ட் பூட்டினையும் மௌசர் பூட்டினையும் அடிப்படையாகக் கொண்டு அழகிய றைபிள்களைச் செய்து புகழ்பெற்றது. எழுத்தாளர் ஏர்னெஸ்ற் ஹெமிங்வே 1933இல் கிழக்காபிரிக்காவுக்குக் கொண்டுசென்ற ஸ்பிறிங்பீல்ட் றைபிளும் அந்நிறுவனத்தின் கைவேலையே.

எனினும் கழிந்த படைக்கலத்தின் மலிவு பலரை மயக்கிற்று. தொலைநோக்கி பொருத்துதற்குக் கூட்டில் துளையிட வேண்டும். தாழின் பிடியை வளைக்க வேண்டும். மேலெழுந்து தொலைநோக்கியில் இடிக்கும் காப்புவிசையை மாற்ற வேண்டும். படைவீரனுக்கென அமைந்த கடின விசையை நீக்கி நுண்ணிய விசையை வைக்க வேண்டும். இவையனைத்துக்குங் கொடுத்த கூலியைக் கூட்டிப் பார்த்தால், புதிய பூட்டொன்றின் விலையை அது தாண்டிவிடுதல் வழக்கம். மேலும், கடினமான புறத்தோலை மிகுதியாக அராவிய கூட்டில் தாழின் புடைப்புகள் நாளடைவில் குழிவிழுத்தும். போரின் இறுதிக் காலத்தில் அவசரமாகச் செய்யப்பட்டவற்றில் அமைதிக் காலத்துச் செய்ந்நேர்த்தியும் இல்லை. இன்னுமொன்று: முத்திரையும் தொடரெண்களும் மாறாது நிற்கும் படைத் துவக்கு இன்று வரலாற்றுப் பொருளாக மதிக்கப்படுவதால், அதனை வெட்டித் திருத்துவோன் உள்ள பெறுமதியையும் அழித்தவனாகின்றான்.

பூட்டினைச் செய்வோரின் தெரிவு அவர்தம் பெயரையே எவ்வாறு தாக்கும் என்பதற்கு வின்செஸ்ரர் நிறுவனத்தின் வரலாறு சான்றாகும். 1936இல் அந்நிறுவனம் வெளியிட்ட 70ஆம் மாதிரி மௌசரின் கவ்வியைப் பேணிக்கொண்டு, விசையையும் காப்பையும் திருத்தி அமைத்த சிறந்த பூட்டினை உடையது. கைவேலை மிகுந்த அதனைச் செய்யும் செலவு உயர்ந்துகொண்டே சென்றமையால், 1964இல் நிறுவனத்தார் அமைப்பை மாற்றினர். நீண்ட கவ்வி நீக்கப்பட்டது. மரக்கட்டையிற் கையாற் செதுக்கிய கோலத்துக்குப் பதில் அச்சினால் அழுத்திய கோலம் வந்தது. செலவு குறைந்ததாயினும் வாங்குவோர் உள்ளம் குளிரவில்லை. ‘64க்கு முந்தியது’ என்னும் சொற்றொடரே பழைய பூட்டுக்குச் சிறப்புப் பெயராகிச் சந்தையில் அதன் விலையை ஏற்றியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின்பின், 1990களில், நிறுவனமே பழைய கவ்வியை மீண்டும் கொண்டுவரலாயிற்று. செய்வோர் பயனற்ற செலவெனக் கழித்ததை உடையவர் உயிர்க்காப்பெனக் கருதினர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

மலிவாகச் செய்யப்படுவன எல்லாம் பெறுமதி குன்றியன என்னும் முடிபும் பொருந்தாது. 1962இல் வந்த றெமிங்ரன் 700 என்னும் றைபிளின் கூடு உருளையுருவானது. கடைசலிற் கடைந்து எளிதில் ஆக்கத்தக்கது. மௌசரின் பெருங் கவ்வி அதற்கில்லை. ஆயினும் உருளை வடிவத்தின் எல்லாப் பகுதிகளையும் ஒரே அச்சில் நேராக்குதல் எளிதாதலின், குறிபார்த்துச் சுடும் போட்டியாளர் அதனைப் பெரிதும் விரும்பினர். நாளடைவில் பிற தொழிலாளர் செய்யும் கட்டைகளும் விசைகளும் அப்பூட்டின் அளவுக்கே அமைந்தன. 2020இல் அந்நிறுவனம் கடனில் மூழ்கி அதன் தொழில்கள் பிறருக்குப் பிரித்து விற்கப்பட்டன. அப்பொழுதும் அவ்வளவுகள் அழியவில்லை. வேறு பல தொழிற்சாலைகள் அதே அளவில் இன்னும் நுண்ணிய பூட்டுகளைச் செய்துவருகின்றன. செய்தவன் மறைந்தும் உறுப்புக் கிடைக்குமாயின் அப்பூட்டு வாழும். அரிய பூட்டாயினும் உடைந்த விசைவில் ஒன்று கிடையாதாயின் அது சுவரில் தொங்கும் காட்சிப் பொருளே.

மௌசரின் பிறப்பிடத்துக்கும் இத்தகைய அழிவு நேர்ந்தது. 1945இல் பிரெஞ்சுப் படை ஓபெர்ன்டோர்ப்பைக் கைப்பற்றித் தொழிற்சாலையைக் கலைத்தது. ஆயினும் பவுல் மௌசரின் பூட்டு அதனோடு மடியவில்லை. பெல்ஜியத்தில், மௌசர் றைபிள்களைச் செய்தற்பொருட்டே 1889இல் தொடங்கப்பட்ட ஹேர்ஸ்ரல் தொழிற்சாலை, வேட்டைக்கெனச் சிறந்த 98 பூட்டுகளைப் பல ஆண்டுகள் உலகெங்கும் அனுப்பியது. செக்கோசுலோவாக்கியாவின் பேர்ணோவிலும், யூகோசுலாவியாவின் கிறாகுயேவாற்சிலும் அவ்வழி தொடர்ந்தது. 2013இல் றிக்பி நிறுவனம் மௌசரின் இன்றைய உடைமையாளரின் கீழ் வந்தபின், ஜேர்மன் பூட்டும் லண்டன் கைவேலையும் மீண்டும் ஒன்றுசேர்ந்தன.

இவ்வரலாற்றினின்றும் பெறத்தக்க உண்மை தெளிவானது. தனித்துச் செய்விக்கப்படும் றைபிளுக்குப் பூட்டினைத் தெரிவோன் நோக்கவேண்டியன நான்கு. முதலாவது, கண்ணுக்குப் புலப்படாத உருக்கின் பதம். அதனைத் தோற்றங் காட்டாது, செய்த இடமும் காலமுமே காட்டும். இரண்டாவது, எல்லாம் ஒழுங்காக நடக்கும் வேளையிலன்றி எல்லாம் பிழைக்கும் வேளையில் அப்பூட்டு நடந்துகொள்ளும் முறை. மூன்றாவது, பயன்படும் நோக்கத்துக்குப் பொருத்தம். எருமையின்முன் நிற்பவனுக்கு வேண்டியது கவ்வி, இலக்குப் பலகையின்முன் படுப்பவனுக்கு வேண்டியது நேர்மையான அச்சு. நான்காவது, செய்தவனுக்குப் பின்னும் உறுப்பும் திருத்துவோனும் கிடைக்கும் நிலை. பொன்னிழைத்த வேலைப்பாடும் பெரும் பெயரும் இவற்றின்மேல் ஏறி நின்றால் அழகாகும். இவற்றுக்கு மாற்றாக நின்றால் ஏமாற்றாகும்.

பேரரசொன்றின் படைக்கென ஆக்கப்பட்ட பூட்டு, அப்பேரரசு 1918இல் வீழ்ந்த பின்னரும், அதன் உரிமைச் சாசனங்கள் காலாவதியான பின்னரும், அது பிறந்த தொழிற்சாலை கலைந்த பின்னரும் நின்று நிலவுகின்றது. அதனை நிலைநிறுத்தியது ஒவ்வொரு தோல்வியையும் எண்ணிப் பார்த்துத் திருத்திய ஒரு தொழிலாளியின் பொறுமையாகும்.